மாட வீதிப் பக்கத்து ஒட்டுச்சுவர் வீடு: இடிக்காமல் என்ன செய்ய முடியும்?

குளக்கரை

மயிலாப்பூரில் மாட வீதியிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெரு. இரண்டு பக்கமும் ஒட்டுச்சுவர் வீடுகள், அதாவது பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொள்பவை. அதில் 20 அடி முகப்பும் 100 அடி ஆழமும் கொண்ட ஒரு வீடு: திண்ணை, ரேழி (வாசலிலிருந்து உள்ளே போகும் நடை), முற்றம், இரண்டாங்கட்டு, கொல்லையில் கிணறு. முன்கட்டுக்கு மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைகள்மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட தளம்), பின்கட்டுக்கு நாட்டு ஓடு. முன்கட்டுத் தளம் ஒழுகுகிறது. சுவரில் இடுப்பளவுக்கு ஓதம் (ஏறும் ஈரம்). தெரு உயர்ந்து உயர்ந்து திண்ணையின் முதல் படி மண்ணுக்குள் போய்விட்டது.

பில்டர் கேட்பது ஸ்டில்ட்டும் (தூண்கள் மட்டும் நிற்கும், வண்டி நிறுத்தும் தரைத்தளம்) அதற்கு மேல் 3 மாடியும். வீட்டுக்காரர்களில் பாதிப் பேர் சரி என்கிறார்கள், பாதிப் பேர் தெருவின் முகமே போய்விடும் என்கிறார்கள். சட்டம் எதைத் தடுக்கிறது, எதை விடுகிறது? பழுது பார்ப்பதென்றால் எந்த வேலை முதலில்? பொதுவான ஆதங்கம் வேண்டாம், செய்முறை தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

வரைகோல்

முதலில் மூன்று பட்டியல்களைப் பாருங்கள். மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் பாதிச் சண்டை நடக்கிறது.

ஒன்று, மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். 1958 சட்டத்தின் 2010 திருத்தப்படி சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது. பழுதுபார்ப்புக்கும் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை கட்டலாம், அதுவும் அனுமதியோடுதான். "கோயில் பக்கத்தில் 100 மீட்டருக்குக் கட்டக்கூடாது" என்று மயிலாப்பூரில் அடிக்கடி கேட்கும் பேச்சு இதிலிருந்து வந்ததுதான். ஆனால் கபாலீசுவரர் கோயில் இந்து சமய அறநிலையத் துறையிடம் இருக்கிறது, மத்தியப் பட்டியலில் இல்லை. அந்த 100 மீட்டர் அங்கே செல்லாது. புனித ஜார்ஜ் கோட்டையைச் சுற்றியும், ஜார்ஜ் டவுனில் மாடிப் பூங்காவின் பழைய நகரச் சுவரைச் சுற்றியும்தான் செல்லும்.

இரண்டு, மாநிலத் தொல்லியல் துறையின் பட்டியல். 1966 சட்டம்.

மூன்று, சிஎம்டிஏவின் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக் குழு. இதன் அடிப்படை நீதிபதி பத்மநாபன் குழு தந்த பட்டியல், 467 கட்டடங்கள். விளம்பரப் பலகை வழக்கில் அமைந்த குழு அது. எந்தக் கட்டடத்தை மறைத்துப் பலகை வைக்கக் கூடாது என்று பார்க்கப் போய் இந்தப் பட்டியல் பிறந்தது. 2006 இல் அண்ணா சாலையின் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கத் தொடங்கியபோது வழக்கு வந்தது. 2010 இல் உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகுதான் பட்டியலுக்கும் குழுவுக்கும் பல் முளைத்தது.

இனி உங்கள் தெருவுக்கு வருவோம். பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் தனித்தனிக் கட்டடங்கள். வரிசையாக நிற்கும் சாதாரணத் திண்ணை வீடுகள் அதில் அநேகமாக இருக்காது. கதவு எண்ணைச் சொல்லி எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள், யூகத்தில் விடாதீர்கள். இல்லை என்றே வந்தால், உங்கள் வீட்டை இடிப்பதைப் பாரம்பரியம் என்ற பெயரில் தடுக்க நேரடியான விதி கிடையாது.

பூக்கடைவாசி

100 மீட்டர் விதி எவ்வளவு இறுக்கம் என்பதற்குச் சட்டக் கல்லூரி வளாகத்துக் கல்லறையே சாட்சி. கம்பெனிக் காலத்து டேவிட் யேல், ஜோசப் ஹின்மர் நினைவாக நிற்பது. அதைச் சுற்றிய தடையால் உயர் நீதிமன்றப் பக்கம் வாகன நிறுத்தக் கட்டடம் கட்ட முடியவில்லை. கடைசியில் கல்லறையையே இடம்மாற்றச் சொல்லி 2023 இல் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஒரு கல்லறைக்கு அவ்வளவு வலு, சில தெரு தள்ளி ஜார்ஜ் டவுனில் முழு வரிசையாக நிற்கும் பவழக்காரத் தெரு வீட்டுக்கு ஒன்றுமில்லை. விதியைத் தனிச் சின்னத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள், தெருவுக்கு எழுதவில்லை.

கூட்டுப்பட்டா

எல்லாம் சரி. பாரம்பரியம் பேசுபவர்கள் யாராவது சொத்து வரியில் பங்கு தருவார்களா? ஒரு வீட்டுக்கு 8, 9 பங்குதாரர்கள். ஒருவர் அமெரிக்காவில், ஒருவர் அம்பத்தூரில். தளத்தை மாற்றும் செலவுக்கு யார் கையை நீட்டுவது? பில்டர் வந்தால் ஆளுக்கொரு ஃபிளாட், வழக்கு இல்லை. இதற்குப் பதில் சொல்லாமல் திண்ணையின் அழகைப் பாடிப் பயனில்லை.

ரேழி

@கூட்டுப்பட்டா சார், கேள்வி நியாயமானது. பதிலைக் கணக்காகவே பார்த்துவிடலாம்.

20 × 100 என்றால் 2000 சதுர அடி. எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2 என்று வைத்தால் 4000 சதுர அடி கட்டலாம். தெரு அகலம் குறைவாக இருந்தால் அனுமதிக்கும் உயரமும் பரப்பும் குறையும், அதை வரைகோல் சார் சொல்லட்டும். முன்கட்டில் திண்ணை, ரேழி, முன்னறை சேர்த்து 15 அடி ஆழத்தை அப்படியே விடுங்கள். அது 300 சதுர அடி. பின்னால் கொல்லைக்கும் கிணற்றுக்கும் 20 அடி. நடுவே மிஞ்சுவது 65 அடி. ஒட்டுச்சுவர் வரிசையில் பக்கவாட்டில் வெளிச்சம் வராது, ஆகவே 8 × 10 முற்றம் ஒன்று கட்டாயம். 20 × 65 = 1300, அதில் 80 கழித்தால் மாடிக்கு 1220. மூன்று மாடிக்கு 3660. முன்கட்டின் 300 ஐக் கூட்டினால் 3960.

அதாவது தெருமுகத்தைத் தொடாமலே கட்டக்கூடியதில் கிட்டத்தட்ட முழுதையும் கட்டிவிடலாம். தெருவில் நிற்பவர் கண்ணுக்கு முதலில் தெரிவது பழைய முகப்பு. மூன்று மாடியும் 15 அடி உள்ளே தள்ளி இருப்பதால் குறுந்தெருவில் அண்ணாந்தால்தான் அகப்படும்.

உயரம்தான் எதிரி என்று பலரும் நினைக்கிறார்கள். என் பார்வையில் தெருவின் முகம் போவது தரையிலிருந்து முதல் 10 அடியில். ஸ்டில்ட் வந்தால் திண்ணை இருந்த இடத்தில் இரும்பு கேட், அதற்குப் பின்னால் இருட்டாக ஒரு வண்டிக் கொட்டகை. உட்கார இடமில்லை, வாசல் இல்லை, கோலம் போடும் இடத்தில் சிமென்ட் சரிவு. ஒரு தெருவில் நாலு வீடு இப்படி ஆனால் ஐந்தாவது வீட்டுத் திண்ணையிலும் யாரும் உட்காருவதில்லை. மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்கு 9 மீட்டர் உயரக் கட்டுப்பாடு 1997 முதல் இருக்கிறது. கோபுரம் கண்ணுக்குத் தெரிய அது உதவும், திண்ணை பிழைக்க உதவாது. அதையும் மீறிக் கட்டி வழக்கு நடந்தது வேறு விஷயம்.

வரைகோல்

ரேழி போட்ட கணக்கு சரி. ஆனால் மூன்று இடத்தில் சிக்கல் வரும்.

வாகன நிறுத்தம் முதல் சிக்கல். எத்தனை கார் நிறுத்த வேண்டும் என்பது வீடுகளின் எண்ணிக்கையையும் பரப்பையும் பொறுத்தது. பில்டர்கள் ஸ்டில்ட் கேட்பதற்கு இதுதான் முழுக் காரணம், அழகுணர்ச்சி இல்லாததால் அல்ல. ரேழி அகலம் 4 முதல் 5 அடி இருந்தால் இரு சக்கர வண்டி உள்ளே போகும், கார் போகாது. அதனால் 3660 ஐ ஆறு வீடாகப் பிரிப்பதா மூன்று வீடாகப் பிரிப்பதா என்பதை வரைபடம் போடும் முன்பே முடிவு செய்யுங்கள். அனுமதி வாங்கிய பிறகு மாற்றுவது எளிதல்ல.

இரண்டாவது, முன்பக்க இடைவெளி. தொடர் கட்டடப் பகுதியில் பக்கவாட்டில் இடம் விட வேண்டியதில்லை. ஆனால் புதிதாகக் கட்டினால் முன்னால் விட்டாக வேண்டும். பழைய முகப்பை இடித்துவிட்டு "அதே மாதிரி" கட்டித் தருகிறோம் என்பவரிடம் ஏமாறாதீர்கள். அதே கோட்டில் திரும்ப எழுப்ப விதி விடாது. வரிசையில் ஒரு பல் பின்னால் போய்விடும். முகப்பு நிற்கும்வரை அது இருக்கும் கட்டடம். விழுந்த நிமிடமே புதுக் கட்டடம்.

மூன்றாவது, ஒட்டுச்சுவர். உங்கள் வீட்டுத் தளக்கட்டைகள் பக்கத்து வீட்டோடு பொதுவாக உள்ள சுவரில் உட்கார்ந்திருக்கும், அவருடையவையும் அதே சுவரில். நடு 65 அடியை இடித்தால் அந்தச் சுவர் ஒரு பக்கம் பிடிமானம் இல்லாமல் நிற்கும். இடிக்கும் முன்பே சாய்வு முட்டு கொடுக்க வேண்டும், இடித்த பிறகு அல்ல. அஸ்திவாரத்துக்கு அவர் சுவரோரம் நீளவாக்கில் ஒரே பள்ளமாகத் தோண்டினால், கடற்கரைப் பக்கத்து மணல் சரிந்து சுவர் இறங்கும். 1 மீட்டர் தோண்டி, கட்டி, மூடி, அடுத்த 1 மீட்டரை விட்டு அதற்கடுத்ததைத் தோண்டுவதே முறை. புதுக் கட்டடத்துக்கும் பழைய முன்கட்டுக்கும் நடுவே குறைந்தது 50 மி.மீ. இடைவெளி. இரண்டும் ஒரே வேகத்தில் இறங்காது. சேர்த்துக் கட்டினால் முதல் இரண்டு வருடத்துக்குள் ரேழிக்கு மேல் வெடிப்பு நிச்சயம். அந்த இடைவெளி மேல் மழை இறங்காமல் தகடு வளைத்து மூடுங்கள். தகட்டின் ஒரு ஓரத்தை மட்டும் ஆணி அடித்துப் பிடியுங்கள், மறு ஓரம் நகர விடுங்கள்.

வேலை தொடங்கும் முன் பக்கத்து வீடுகளில் ஏற்கனவே உள்ள வெடிப்புகளைத் தேதியோடு படம் எடுத்து இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். சந்தேகமான வெடிப்பின் குறுக்கே ஒரு கண்ணாடிச் சில்லை ஜிப்சத்தில் பதித்து, பக்கத்தில் தேதி எழுதுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும், வாக்குவாதமே வேண்டாம். மெட்ரோ சுரங்கம் கச்சேரி சாலை, திருமயிலைப் பக்கம் வந்ததிலிருந்து இது இன்னும் அவசியம். வெடிப்பு யாரால் வந்தது என்ற கேள்விக்குப் பழைய படம் மட்டுமே பதில் சொல்லும்.

கரணை

முன்கட்டை வைத்துக்கொள்வது என்று முடிவானால் மெட்ராஸ் டெரஸ் பற்றி விரிவாகச் சொல்லலாம். இதில்தான் எல்லோரும் தப்பாகப் போகிறார்கள்.

அமைப்பு கீழிருந்து மேலாக: தேக்கு உத்தரம். அதன்மேல் ஒன்றரை அடிக்குள் ஒன்றாகக் குறுக்குக் கட்டைகள். கட்டைகள்மேல் 1 அங்குலக் கனமுள்ள சின்னத் தளச் செங்கல், பக்கவாட்டில் நிறுத்தி, மூலைவிட்டமாக. அதன்மேல் 3 அங்குலம் செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளம். மேலே இரண்டு அடுக்குத் தட்டோடு (தட்டையான ஓடு). செங்கலை மூலைவிட்டமாக வைப்பது சும்மா அலங்காரத்துக்கு இல்லை. ஒரு மூலையில் தொடங்கி, ஒவ்வொரு கல்லும் முந்தைய கல்லின் முகத்தில் கலவையால் ஒட்டி நிற்கும், அடியில் பலகை அடைக்கவே வேண்டாம்.

சோதனை: கீழிருந்து மரச் சுத்தியால் ஒவ்வொரு கட்டையையும் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, பொத்தென்றால் உள்ளே கரையான். நடுவை விட முனைகளே முக்கியம், சுவருக்குள் புதைந்த அரை அடிதான் முதலில் அழுகும். ஓதம் ஏறிய சுவர், கட்டை முனைக்குக் காற்றே இல்லை. முனையை வெட்டியெடுத்தால் மாவாக உதிரும். கட்டையின் மற்ற பகுதி நல்ல தேக்காக இருந்தால் அழுகியதை அறுத்துவிட்டு, இரண்டு பக்கமும் தேக்குச் சட்டம் வைத்து போல்ட் போடலாம். ஒட்டும் நீளம் அழுகின நீளத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். சுவரில் திரும்ப வைக்கும்போது முனையைச் சுற்றி ஒரு அங்குலம் காற்று விடுங்கள். சிமென்டால் அடைத்துவிட்டால் பத்து வருடத்துக்குள் அதே கதைதான்.

நடுவில் தொங்கல் தெரிந்தால் பெரும்பாலும் அது மரத்தின் குற்றமில்லை. ஒழுகும்போதெல்லாம் மேலே சிமென்ட் பூச்சு போட்டிருப்பார்கள். ஒரு அங்குலச் சிமென்ட் கலவை சதுர மீட்டருக்குச் சுமார் 50 கிலோ. 12 × 15 அடி அறைக்கு 800 கிலோவுக்கு மேல். இப்படி மூன்று தரம் போட்டால் கூரையில் இரண்டரை டன் கூடுதல். முதல் வேலை அதைப் பிரித்தெடுப்பதே. டிரில் மெஷின் வைக்காதீர்கள், அதிர்வில் அடியிலுள்ள சின்னச் செங்கல் விடும். உளியும் கைச் சுத்தியும் போதும்.

புதுத் தளத்துக்கு அளவு: செங்கல் ஜல்லி 32 பங்குக்கு நீற்றிய சுண்ணாம்பு 12½ பங்கு, மணல் கிடையாது. ஜல்லி முக்கால் அங்குலம், நன்றாக வெந்த செங்கல் உடைத்தது, முன்நாள் இரவே நனைத்தது. 12 × 15 அறைக்கு அடித்து முடித்த பின் 3 அங்குலம் வர வேண்டும் என்றால் 4 அங்குலமாகப் பரப்ப வேண்டும். அதாவது 60 கன அடி ஜல்லி, 23 கன அடி சுண்ணாம்பு. பரப்பிய மறுநாளிலிருந்து மரத் தட்டுக்கட்டையால் வரிசையாக உட்கார்ந்து அடிப்பது, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துக்கொண்டே. சுண்ணாம்புப் பால் மேலே கசிந்து, கட்டை துள்ளித் திரும்பும்வரை. இரண்டு நாளில் "ஆச்சு சார்" என்பார்கள், ஆகியிருக்காது. அடித்தது போதாமல் போனால் உள்ளே வெற்றிடம். தட்டோடு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நீர் அங்கே தேங்கிக் கட்டைக்குள் இறங்கும். சரிவு தண்ணீர் வாய் நோக்கி 60 க்கு 1. பத்து நாள் ஈரச் சாக்கு.

குளக்கரை

கரணை அண்ணே, நன்றி. இரண்டு சந்தேகம். மேலே கெமிக்கல் வாட்டர் ப்ரூஃப் அடித்தால் இவ்வளவு வேலையும் தேவையில்லை என்கிறார்கள். சுவர் ஓதத்துக்குப் பூச்சைக் கொத்திவிட்டு 1:4 சிமென்ட், அதில் ஏதோ திரவம் கலந்து பூசச் சொல்கிறார்கள்.

கரணை

இரண்டும் வேண்டாம். தளத்துக்குள் ஏற்கனவே இருக்கும் ஈரம் மேலே போக வழியில்லாமல் கீழே மரத்துக்கு இறங்கும். மேலே காய்ந்து பளபளவென்று இருக்கும், கீழே கட்டை அழுகும். ஒழுகல் நின்றுவிட்டது என்று நினைத்திருக்கும்போது ஒருநாள் தளம் உட்காரும்.

சுவரும் அதே கணக்குதான். பழைய செங்கல் மென்மையானது, தண்ணீரை உறிஞ்சி வெளியே விட்டுப் பழகியது. சிமென்ட் பூச்சு வெளியே விடாது. ஈரம் பூச்சுக்கு மேலே இன்னும் உயரமாக ஏறி அங்கே வெளிவரும். இடுப்பளவு ஓதம் தோளளவு ஆவது இப்படித்தான். தண்ணீரோடு உப்பும் ஏறும். உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, சிமென்ட் அப்படியே பாளம் பாளமாக விழும்போது செங்கலின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். சுண்ணாம்பாக இருந்தால் பூச்சு மட்டும் உதிரும், செங்கல் பிழைக்கும்.

செய்ய வேண்டியது: ஓதக் கோட்டுக்கு மேல் ஒரு அடிவரை சிமென்டைக் கொத்தியெடுங்கள். செங்கல் இடுக்குகளை முக்கால் அங்குலம் சுரண்டுங்கள். வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி, கீழே விழுந்ததைக் கூட்டி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போகும். ஒரு வெயில் காலம் சுவரைத் திறந்தே விடுங்கள். பிறகு நீற்றிக் குறைந்தது மூன்று வாரம் தண்ணீரில் ஊறிய சுண்ணாம்பு 1 பங்கு, உப்பில்லாத ஆற்று மணல் 3 பங்கு. முதல் கை அரை அங்குலம், இரண்டாவது கால் அங்குலம். வெயில் நேராகப் படாமல் சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரமாவது நனைக்கவும். முதல் பூச்சில் ஒன்றிரண்டு வருடத்தில் உப்பு மறுபடி ஏறி உதிரும். அதைக் கொத்திவிட்டுத் திரும்பப் பூசுங்கள், உப்பை வெளியே கொண்டுவருவதற்கே அந்தப் பூச்சு. மேலே எமல்ஷன் அடித்தீர்களோ எல்லாம் வீண். சுண்ணாம்பு வெள்ளை மூன்று கை, அவ்வளவே.

ஆனால் தெரு மட்டம் இப்படி உயர்ந்தே இருக்கும்வரை இவை எல்லாம் வருடா வருடம் செய்யும் வேலையாகத்தான் இருக்கும்.

தெருமட்டம்

அதுதான் வேர். பழைய தார் மேல் புதுத் தார் என்று தரத்துக்கு 4 சென்டிமீட்டர் போட்டாலும் ஐந்து தரத்தில் 20 சென்டிமீட்டர். ஒரு படி காணாமல் போவதற்கு அது போதும். பழைய அடுக்கை மில்லிங் செய்து சுரண்டிய பிறகே புது அடுக்கு போட வேண்டும் என்று 2021 இல் தலைமைச் செயலாளரே எழுத்தில் உத்தரவிட்டிருக்கிறார். உத்தரவு இருக்கிறது, குறுந்தெருவுக்கு மெஷின் வருவதில்லை. "சந்துக்குள் நுழையாது" என்பார்கள். சின்ன மெஷின் உண்டு, கேட்டால்தான் வரும்.

சாலை போட்ட மறுநாள் சண்டை போட்டுப் பயனில்லை. அளவை முன்கூட்டியே பதியுங்கள். தெருவில் அசையாத ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள், கருங்கல் தூண் அடி அல்லது பழைய வாசற்படிக் கல். அங்கிருந்து ரசமட்டக் குழாய் பிடித்து ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சாலை எவ்வளவு கீழே என்று சென்டிமீட்டரில் எழுதி, அளவுகோலோடு படம். 10 மீட்டர் பிளாஸ்டிக் குழாயும் தண்ணீரும் போதும், சர்வேயர் வேண்டாம். வார்டு உதவிப் பொறியாளரிடம் எஸ்டிமேட் நகல் கேளுங்கள். அதில் மில்லிங் என்று ஒரு வரி இருக்கிறதா, எத்தனை மி.மீ., போடும் அடுக்கும் அதே அளவா என்று பாருங்கள். வரி இருந்து வேலை நடக்கவில்லை என்றால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்கும் நம்ம சென்னை செயலியிலும் புகார், இரண்டு அளவுகளையும் சேர்த்து. "ரோடு உயர்ந்துவிட்டது" என்ற புகார் மூடப்பட்டுவிடும், "எஸ்டிமேட்டில் 40 மி.மீ. மில்லிங், நடந்தது பூஜ்யம், மட்டம் 38 மி.மீ. உயர்வு" என்பதை அவ்வளவு சுலபமாக மூட முடியாது.

மழைநீர் வடிகால் வரும்போதும் கவனம். வடிகால் சுவரின் மேல்மட்டத்தைச் சாலைக்கு மேலே விட்டால் திண்ணைக்கு அது அணைக்கட்டு. வரைபடத்தில் மேல்மட்டம் எந்த அளவில் என்று கான்கிரீட் போடும் முன் கேட்டுவிடுங்கள்.

பூக்கடைவாசி

ஜார்ஜ் டவுனில் வீட்டை இடிப்பதைவிட வீட்டைச் சாகடிப்பதுதான் அதிகம். கீழே கடை, மேலே கோடவுன். குடும்பம் வசிக்கும் சுமைக்குப் போட்ட மரத்தளத்தில் காகிதக் கட்டு அடுக்கினால் என்ன ஆகும்? ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை அட்டை, கோடவுன் தெருவில் துணி. தெருவுக்கு ஒரு தொழில் என்பதே அந்த ஊரின் முகம், அதை நான் குறை சொல்லவில்லை. கனமான சரக்கு தரைத்தளத்தில், மேலே அலுவலகம் என்று மாற்றினாலே கட்டடத்துக்கு ஆயுள் கூடும். மேலே வைத்தே ஆக வேண்டுமென்றால் சுவரோரமாக வையுங்கள், அறை நடுவில் வேண்டாம்.

முகப்பைப் பொறுத்தவரை இடித்ததைவிட மூடியதே அதிகம். மேல்மாடி மரக் கைப்பிடி, வளைவு எல்லாம் அலுமினியப் பலகைக்குப் பின்னால் இன்னும் இருக்கின்றன. பெயர்ப்பலகையைக் கடை வாசல் அகலத்துக்குள், நிலைக்கு மேல் இரண்டு அடி உயரத்துக்குள் வைத்தாலே பாதி முகம் திரும்ப வரும். பலகையைச் செங்கலில் துளையிட்டு மாட்டாமல் கலவை இடுக்கில் மாட்டுங்கள், நாளைக்கு எடுத்தால் தழும்பு இருக்காது. ஏசி வெளிப்பெட்டி மொட்டைமாடிக்கு. மின்வயர் கொத்தை முகப்பின் குறுக்கே இழுக்காமல் கார்னிஸ் (சுவரின் மேலே நீட்டிய விளிம்பு) மேல்பக்கமாக ஓட்டலாம். எலக்ட்ரீஷியன் முணுமுணுப்பார், பத்து அடி வயர் கூடுதல், அவ்வளவே.

கூட்டுப்பட்டா

சுண்ணாம்பு வேலைக்கு ஆளே கிடைப்பதில்லை என்பதை யாரும் சொல்லவில்லையே? தட்டுக்கட்டை பிடித்து நாலு நாள் அடிக்க இன்று யார் வருகிறார்கள்? பங்குதாரர் விஷயமும் அப்படியே நிற்கிறது.

ரேழி

ஆள் குறைவு என்பது உண்மை. கோயில் திருப்பணி நடக்கும் இடங்களில் சுண்ணாம்புக் கை உள்ளவர்கள் இருக்கிறார்கள், அங்கே கேட்பதே நல்ல வழி. ஒரு வீட்டுக்கு அவர்களை அழைப்பது கட்டாது. அதே வரிசையில் மூன்று வீடு சேர்ந்து ஒரே பருவத்தில் தளம் போட்டால் கட்டும். சுண்ணாம்புத் தொட்டியும் ஒன்று போதும்.

பங்கு விஷயத்தில் பில்டரோடு போடும் ஒப்பந்தத்தில்தான் பிடி. "முகப்பு காக்கப்படும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள், அது காற்றோடு போகும். முன்கட்டின் 15 அடியை அளந்து வரைந்த படத்தை இணைப்பாக வையுங்கள்: தூண், நிலை, போதிகை (தூண் தலையில் உத்தரம் தாங்கும் கட்டை) ஒவ்வொன்றுக்கும் எண். எது தொடப்படாது, எது கழற்றித் திரும்ப வைக்கப்படும் என்று எண் வாரியாக எழுதுங்கள். முட்டு கொடுத்து முடித்ததைப் பார்த்த பிறகே இடிப்புக்கான தவணை. முகப்பு விழுந்தால் என்ன தொகை என்பதும் அதிலேயே இருக்கட்டும். "இடிக்கும்போது தானாக விழுந்துவிட்டது" என்ற வசனத்துக்கு அதைத் தவிர வேறு மருந்து கிடையாது. முன்கட்டை எல்லாப் பங்குதாரருக்கும் பொது என்று வைத்து, முன்னறையைச் சின்ன மெஸ்ஸுக்கோ டாக்டருக்கோ வாடகைக்கு விட்டால் பராமரிப்புச் செலவு அதிலேயே வரும்.

வரைகோல்

நேரம் பற்றி ஒன்று. 2024 முதல் சுயசான்று முறை இருக்கிறது: 2500 சதுர அடி வரை மனை, 3500 சதுர அடி வரை கட்டடம், தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ என்றால் ஆன்லைனில் உடனே அனுமதி. எளிய வீட்டுக்காரருக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் பழைய வரிசையில் ஒரு வீடு போவதை எந்த அதிகாரியும் முன்கூட்டிப் பார்க்கப் போவதில்லை என்பதும் அதில் இருக்கிறது. தெருவில் உள்ளவர்கள் செய்யக்கூடியது, இடிப்பு வரும்வரை காத்திராமல் இப்போதே தெரு முழுவதையும் பதிவது. வீட்டுக்கு ஒரு தாள்: கதவு எண், முகப்பு அகலம், திண்ணை நீளமும் உயரமும், தூண் மரமா கல்லா, கூரை வகை, நேர் எதிரிலிருந்து ஒரு படம். இருபது தாள் சேர்ந்தால் சிஎம்டிஏவின் பாதுகாப்புக் குழுவுக்கு "இந்த வரிசையைத் தொகுப்பாகப் பரிசீலியுங்கள்" என்று மனு கொடுக்கலாம். ஒற்றை வீட்டுக்குக் கொடுக்கும் மனுவுக்கு "தனிச் சிறப்பு இல்லை" என்று பதில் வருவது சுலபம். மனு எண் வாங்கி, 30 நாள் கழித்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் நிலை கேளுங்கள்.

குளக்கரை

வீட்டுக்காரர்களிடம் ரேழியின் கணக்கைக் காட்டலாம் என்று இருக்கிறேன். கடைசியாக ஒன்று, தள வேலையை எந்த மாதம் தொடங்குவது?

கரணை

பொங்கல் கழித்துப் பிரித்தால் சரியாக வரும். தை, மாசியில் பழைய சிமென்டை எடுத்துக் கட்டை முனைகளைச் சரிசெய்து, பங்குனிக்கு முன் ஜல்லி அடித்து முடிக்கப் பாருங்கள். கத்திரி வெயிலில் சுண்ணாம்பு அடிப்பதற்குள் மேலே காய்ந்து வெடிக்கும். ஐப்பசி மழையில் சுண்ணாம்பு இறுகாது. தேர் போகும் வழியில் முகப்பு இருந்தால் பங்குனிப் பெருவிழா நாட்களில் சாரத்தைத் தெருவில் நிறுத்த விடமாட்டார்கள். முகப்புப் பூச்சை விழா முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புத் தொட்டியை மட்டும் மார்கழியிலேயே நிரப்பிவிடுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் அது பூச்சின் மேல் கைக்கு, தளத்துக்குக் கல் சுண்ணாம்பே போதும். பின்கட்டு நாட்டு ஓட்டை இந்த வருடமே மாற்றியடுக்குங்கள், அதற்குத் தளம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.